பார்வையில்லாமல் பாட்டுத் தயாரிக்க எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது? முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டரைக் கடைசியில் வாங்குங்கள். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். தர்மபுரியில் நான் ரெக்கார்டிங் செய்யும் அறைக்குக் கற்றுக்கொள்ள வரும் பார்வையற்ற தம்பிகளும் தங்கைகளும் அநேகமாக ஒரு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். வீட்டில் ஆடு விற்றோ நகையை அடகு வைத்தோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள், இங்கே வந்து உட்கார்ந்து பார்த்தால் அதில் ஸ்கிரீன் ரீடருக்கு (திரையில் உள்ளதைப் பேச்சாக வாசிக்கும் மென்பொருள்) கட்டளை கொடுக்கும் இன்சர்ட் விசை இருக்காது, இல்லையென்றால் ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்ததும் அந்த ஸ்கிரீன் ரீடரின் பேச்சு நின்றுபோகும்.

நானும் பார்வையில்லாதவன். மாரியம்மன் பண்டிகைப் பாட்டு, தெருக்கூத்து, விளம்பரக் குரல் என்று வருவதையெல்லாம் பதிவு செய்கிறேன். கீழே உள்ள வரிசை அப்படி வந்தவர்களோடு கடைக்குப் போய் வந்ததில் உருவானது. வரிசையை மாற்ற வேண்டாம், ஒரு படியில் எடுக்கும் முடிவுதான் அடுத்த படியில் எதையெல்லாம் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லும்.

1. என்ன வேலை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

போனில் நாலு வரி எழுதினால் போதும். மைக் வைத்துக் குரலும் வாத்தியமும் பதிவு செய்யப் போகிறீர்களா, அல்லது கீபோர்டை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வயலின், தபலா, சிந்தசைசர் சத்தங்களை வாசித்துப் பாட்டு கட்டப் போகிறீர்களா? இந்த இரண்டுக்கும் தேவைப்படும் கம்ப்யூட்டர் வேறு வேறு.

மைக்கில் பதிவு செய்வது கம்ப்யூட்டருக்குச் சின்ன வேலை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ டிராக், அதாவது ஒரு மைக்கின் பதிவு, நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பிதான் பிடிக்கும். விடிய விடிய 8 மணி நேரம் நடக்கும் ஒரு கூத்தை ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, பாடுபவர் என்று நாலு மைக்கில் எடுத்தாலும் 17 ஜிபிக்குள் முடிந்துவிடும். சாதாரண கம்ப்யூட்டரே இதற்குப் போதும்.

கம்ப்யூட்டருக்குள் வாத்தியம் வாசிப்பது வேறு கணக்கு. ஒரு நல்ல பியானோ சத்தத்துக்கே பல ஜிபி ரேமும் டிஸ்க்கும் போகலாம், பத்து வாத்தியம் ஒரே நேரத்தில் ஓடும்போது பிராசசர் திணறும். உங்கள் பணம் ரேமுக்கா டிஸ்க்குக்கா மைக்குக்கா என்பது இந்தக் கேள்வியிலேயே பாதி தீர்ந்துவிடும். கூத்து மட்டும் பதிவு செய்கிறவர் விலை கூடிய லேப்டாப்பை வாங்கிவிட்டு மைக்குக்குப் பணமில்லாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

2. ஸ்கிரீன் ரீடரையும் ரெக்கார்டிங் மென்பொருளையும் முடிவு செய்யுங்கள்

பார்வை உள்ள நண்பர்கள் சொல்லும் மென்பொருளை அப்படியே ஏற்க முடியாது. "எஃப்எல் ஸ்டுடியோ போடுடா, எல்லாரும் அதுலதான் பண்றாங்க" என்பார்கள். அதன் திரை முழுக்கப் படமாக வரைந்தது, ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே வாசிக்க எழுத்தாக எதுவும் பெரிதாகக் கிடைக்காது. ஒரு மென்பொருள் நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது: ஒரு டிராக்கின் வால்யூமை விசையால் கூட்டினால் புதிய டெசிபல் எண்ணை ஸ்கிரீன் ரீடர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அந்த மென்பொருள் வேண்டாம்.

விண்டோஸில் நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், அதனோடு ஒசாரா என்ற இலவச இணைப்பு, ஸ்கிரீன் ரீடருக்கு என்விடிஏ. என்விடிஏ இலவசம். ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். ஒசாரா என்பது பார்வையற்ற பயனர்களுக்காகவே எழுதப்பட்டது. எந்த டிராக்கில் நிற்கிறோம், அது பதிவுக்குத் தயாரா, கர்சர் எந்தத் தாளத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் ஸ்கிரீன் ரீடர் வழியாகச் சொல்லவைக்கும். ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதிலேயே வேலை செய்யலாம், புதிதாகக் காசு கொடுத்து வாங்க அவசியம் இல்லை.

மேக்கில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் உள்ளேயே வருகிறது. ரெக்கார்டிங் மென்பொருளில் காரேஜ்பேண்ட் இலவசம், லாஜிக் புரோ காசு கொடுத்து வாங்குவது, இரண்டும் வாய்ஸ்ஓவரோடு நன்றாக வேலை செய்யும். லாஜிக் மேக்கிலும் ஐபேடிலும் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் அதுதான் வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் எது என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். ஏபில்டன் லைவ் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் 2024இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஸ்கிரீன் ரீடருக்கு இடம் கொடுத்திருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் அதில் இறங்க வேண்டாம். சிக்கல் வந்தால் கேட்க ஆள் கிடைப்பது ரீப்பருக்குத்தான்.

விண்டோஸா மேக்கா என்று குழம்பினால், ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது நின்றுபோனால் யாருக்குப் போன் செய்வீர்கள் என்று யோசியுங்கள். அவர் எதை வைத்திருக்கிறாரோ அதை வாங்குங்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. என்விடிஏவின் மெனுக்களைத் தமிழில் வைக்கலாம், விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலும் இருக்கிறது, இமெயில் படிக்கவும் பாட்டு வரிகளைப் படிக்கவும் அது நன்றாகவே உதவும். ஆனால் ரெக்கார்டிங் மென்பொருளின் மெனு ஆங்கிலம்தான். அதை ஆங்கிலக் குரலில் கேட்டுப் பழகுங்கள், தமிழ்க் குரலில் ஆங்கிலச் சொற்களைக் கேட்டு ஊகிப்பதில் நேரம் போகும்.

இந்தப் படியை முடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். நண்பர் வீட்டிலோ கல்லூரி லேபிலோ இரண்டு வாரம் ரீப்பரைத் தொட்டுப் பாருங்கள். ஒசாராவை நிறுவும்போது அதன் விசை அமைப்பையும் சேர்த்துப் போடவா என்று கேட்கும், அதற்கு ஆமாம் சொல்லுங்கள். புதியவர்கள் தவறாமல் சறுக்குவது இங்கேதான். அதை விட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்த விசை எதுவும் வேலை செய்யவில்லை என்று ஒரு வாரம் தவிப்பார்கள்.

3. பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி

பார்வை உள்ளவர்களுக்காக எழுதிய எந்த வழிகாட்டியிலும் இந்தப் படி இருக்காது. நமக்கு இதுதான் உயிர், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

பார்வை உள்ளவருக்குக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் சத்தம் என்றால் பாட்டு மட்டும். நமக்கு ஸ்கிரீன் ரீடரின் பேச்சும் அதே கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸை மாட்டியதும் விண்டோஸ் பல நேரம் தானாகவே அதை முதன்மை ஒலிச் சாதனமாக மாற்றிக்கொள்ளும், பேச்சும் அங்கே போய்விடும். அப்புறம் ரீப்பர், ஒலியைத் தாமதம் குறைவாகக் கொண்டுசெல்லும் ஏஎஸ்ஐஓ டிரைவர் வழியாக அந்த இன்டர்ஃபேஸைப் பிடிக்கும்போது சில டிரைவர்கள் மற்ற எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடும். முன்னே சொன்ன பேச்சு நிற்கும் கதை இதுதான். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்தி அணைப்பார்கள், அதுவரை பதிவான பாட்டும் அதோடு போகும்.

அதனால் பேச்சை லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளைக்கும், பாட்டை இன்டர்ஃபேஸுக்கும் பிரித்துவிடுங்கள். என்விடிஏவின் அமைப்புகளில் ஆடியோ பகுதிக்குப் போய், ஒலி வெளியீட்டுச் சாதனம் என்ற இடத்தில் லேப்டாப்பின் ஸ்பீக்கரை (ஹெட்போன் துளையும் பெரும்பாலும் இதே பெயரில்தான் வரும்) பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். இயல்பான சாதனம் என்று விட்டால் இன்டர்ஃபேஸ் மாட்டும்போதெல்லாம் பேச்சு இடம் மாறும்.

பேச்சையும் பாட்டையும் பிரித்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தடவை பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா தாலாட்டுப் பாடினார், அப்படி ஒரு குரல். பாடி முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ராத்திரி கேட்கும்போது இரண்டாவது சரணத்துக்கு அடியில் மெல்லிசாக ஆங்கிலத்தில் ஒரு குரல் டிராக் பெயரைச் சொல்கிறது. பேச்சை ஸ்பீக்கரில் விட்டிருந்தேன், மைக் அதையும் எடுத்துக்கொண்டது. மறுபடி அவரைக் கூட்டிவந்து பாடவைத்தோம், ஆனால் முதல் தடவை வந்த அந்தக் குழைவு திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து பதிவு நேரத்தில் பேச்சு என் காதுக்கு மட்டும்தான், அதுவும் காதை முழுக்க மூடும் ஹெட்போனில்.

இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கேட்பது? எளிய வழி, ஒரு காதில் சின்ன இயர்போன், இன்னொரு காதில் ஹெட்போனின் ஒரு பக்கம். இது பதிவுக்குப் போதும், மிக்ஸிங்குக்குப் போதாது. நல்ல வழி, நாலு சேனல் உள்ள சின்ன அனலாக் மிக்சர் ஒன்று. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு சேனலுக்கும், இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து இன்னொரு சேனலுக்கும் வயர் கொடுத்து, உங்கள் ஹெட்போனை மிக்சரில் மாட்டிக்கொள்ளுங்கள். பேச்சு கூடவா குறையவா என்பது உங்கள் விரலில் இருக்கும்.

இதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு நிபந்தனை வருகிறது: 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை கட்டாயம் இருக்க வேண்டும். ரொம்ப மெல்லிய சில லேப்டாப்புகளில் அது இல்லை. யூஎஸ்பியில் மாட்டும் சின்ன சவுண்ட் கார்டு வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் ஒரு யூஎஸ்பி துளை அதற்குப் போய்விடும். புளூடூத் இயர்போன் வேண்டாம். விசையை அழுத்தியபின் பேச்சு தாமதமாக வரும், வேகமாக வேலை செய்யும்போது எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது.

இன்டர்ஃபேஸையும் இப்போதே தேர்ந்தெடுங்கள். குமிழ் இரண்டு முனையிலும் முட்டி நிற்க வேண்டும், நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் குமிழில் கெயின், அதாவது மைக் சத்தத்தைக் கூட்டும் அளவு, எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாது. சில மைக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பட்டன் உள்ளே அமுங்கி நிற்கும் வகையாக இருந்தால் தொட்டே அறியலாம், விளக்கு எரிந்து காட்டும் வகை நமக்கு உதவாது. ஒலி உச்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கச் சிவப்பு விளக்கு இல்லாமலே வழி இருக்கிறது, ஒசாராவில் பீக் வாட்சர் என்று ஒன்று உண்டு. பம்பையும் பறையும் பதிவு செய்யும்போது அதை ஓடவிட்டால், அளவு தாண்டியதும் சொல்லிவிடும்.

4. விசைப்பலகையை விரலால் தேர்ந்தெடுங்கள்

திரையின் அளவு, வண்ணம், தெளிவு எதற்கும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் விசைப்பலகைக்குப் போகட்டும்.

எண்கள் தனியாக வலது பக்கம் இருக்கும் லேப்டாப் நல்லது, 15.6 அங்குல மாடல்களில் பெரும்பாலும் இருக்கும். என்விடிஏவின் டெஸ்க்டாப் அமைப்பில் திரையை ஆராயும் விசைகள் அந்த எண்களில்தான் இருக்கின்றன. 14 அங்குலம் வாங்கினால் லேப்டாப் அமைப்புக்கு மாற்றி இன்சர்ட்டுக்குப் பதில் கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளலாம், அல்லது தனியாக ஒரு யூஎஸ்பி கீபோர்டு மாட்டலாம்.

மேல் வரிசையில் கையை வையுங்கள். எஃப் 4க்கும் எஃப் 5க்கும் நடுவே, எஃப் 8க்கும் எஃப் 9க்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தால் எண்ணாமலே கண்டுபிடிக்கலாம். ஒசாராவில் மியூட் (டிராக்கை ஊமையாக்குவது), சோலோ (அதை மட்டும் கேட்பது), பதிவுக்குத் தயார் மூன்றும் எஃப் 5, எஃப் 6, எஃப் 7 என்று அடுத்தடுத்து இருப்பதால் ஒரு விசை தள்ளிப் பட்டாலும் வேறு வேலை நடந்துவிடும். புது லேப்டாப்புகளில் இந்த வரிசை ஒலி கூட்ட, வெளிச்சம் குறைக்க என்றே அமைந்து வரும். சிலவற்றில் எஃப்என் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் மாறும், சிலவற்றில் விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். பயாஸில் ஸ்கிரீன் ரீடர் பேசாது. அதைக் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்பே, கடைக்காரரிடம் செய்யச் சொல்லிவிடுங்கள்.

பவர் பட்டன் எங்கே என்று தேடுங்கள். இப்போதைய பல மாடல்களில் அது டிலீட் விசைக்கு ஒட்டினாற்போல, அதே உயரத்தில், அதே அளவில் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு தம்பி ஒரு துண்டை அழிக்கப் போய் அதை அழுத்திவிட்டான், பதிவு நடுவில் லேப்டாப் தூங்கிவிட்டது. அப்படிப்பட்ட மாடல்தான் கிடைக்கிறது என்றால், விண்டோஸின் பவர் அமைப்பில் அந்தப் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்க வேண்டாம் என்று மாற்றிவிடலாம்.

2024க்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகளில் வலது பக்க மெனு விசைக்குப் பதில் கோபைலட் விசை இருக்கிறது. அதற்காக ஒரு மாடலை ஒதுக்க வேண்டாம், ஷிஃப்டும் எஃப் 10ம் சேர்த்தால் அதே மெனு வரும். பழைய மேக்புக் புரோவில் டச் பார் உள்ளதை மட்டும் வாங்காதீர்கள், அதில் எஃப் வரிசை வெறும் வழவழப்பான கண்ணாடி.

5. உள்ளே என்ன இருக்க வேண்டும்

ரேம் 16 ஜிபி. கம்ப்யூட்டர் வாத்தியங்கள் நிறைய என்றால் 32. ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டதா, பின்னால் கூட்ட ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 8 ஜிபி எடுத்துட்டுப் போங்க, அப்புறம் ஏத்திக்கலாம் என்று சொல்லிக் கொடுத்து, திறந்து பார்த்தால் ஸ்லாட்டே இல்லாத கதை எனக்கே நடந்தது.

பிராசசர் இன்டெல் கோர் ஐ5 12ஆம் தலைமுறைக்கு மேல், அல்லது ரைசன் 5இல் 5000 வரிசைக்கு மேல். ஒரு டிராக்கில் அடுக்கிய எஃபெக்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிடப்படும் என்பதால் கோர் எத்தனை என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பது முக்கியம். செலரான் வேண்டாம். ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ள விண்டோஸ் லேப்டாப்பும் இப்போதைக்கு வேண்டாம், பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் எல்லா இன்டர்ஃபேஸ் டிரைவரும், ரெக்கார்டிங் மென்பொருளோடு சேர்க்கும் வாத்தியமும் எஃபெக்டுமான பிளக்இன்னும் அதற்குத் தயாராக இல்லை.

டிஸ்க் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. கேமிங் லேப்டாப்பில் அதற்காக நிறையப் பணம் போகும், அதன் டிரைவர் சில நேரம் ஆடியோவில் வெடிப்புச் சத்தத்தைக் கொண்டுவரும், விசிறியும் இரையும். காரிமங்கலத்துத் தம்பி ஒருவனின் கேமிங் லேப்டாப் மைக்குக்கு ஆறடி தள்ளி இருந்தும் ஒவ்வொரு பதிவிலும் காற்று அடிப்பதுபோலக் கேட்டது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அமைதியான லேப்டாப்பே இரையும், இது கேட்கவே வேண்டாம்.

யூஎஸ்பி துளை குறைந்தது மூன்று. இன்டர்ஃபேஸ், வாத்தியம் வாசிக்கும் மிடி கீபோர்டு, வெளி டிஸ்க் என்று அதோடு சரியாகிவிடும். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக மாட்டாதீர்கள், கரண்ட் போதாமல் நடுவில் துண்டித்துக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது தவறே இல்லை. அலுவலகங்களில் ஓடி வந்த லேப்டாப்புகளின் விசைப்பலகை, புதிதாக அதே விலைக்கு வருவதைவிடப் பல நேரம் உறுதியானது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்கள் பஸ் ஏறினால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் நிறைய பார்க்கலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். மேக் என்றால் இன்டெல் பிராசசர் உள்ள பழையதைத் தொட வேண்டாம், டாஹோதான் அவற்றுக்கு வரும் கடைசி மேக்ஓஎஸ்.

வீட்டிலேயே வைத்து வேலை செய்பவர்கள் மேக் மினியையும் யோசியுங்கள். 2024இல் எம்4 மாடல் 16 ஜிபி ரேமோடு 59,900 ரூபாய்க்கு வந்தது. மானிட்டர் வாங்கும் காசு நமக்கு மிச்சம், விசிறிச் சத்தமும் அநேகமாகக் கேட்காது. ஆனால் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் பதிவும் போகும் என்பதால் ஒரு யூபிஎஸ் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். யூஎஸ்பி துளைகள் எல்லாம் சி வகை, ரேமைப் பின்னால் கூட்டவும் முடியாது.

6. கடைக்குப் போகும் முன் ஒரு பென்டிரைவ் தயார் செய்யுங்கள்

என்விடிஏவை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். என்விடிஏ மெனுவில் கருவிகள் பகுதிக்குப் போனால் போர்ட்டபிள் நகல் உருவாக்கும் வசதி இருக்கிறது. ரீப்பரை நிறுவும்போதும் போர்ட்டபிள் என்ற தேர்வு வரும், அதே பென்டிரைவில் போட்டு ஒசாராவையும் சேர்த்துவிடுங்கள். கூடவே இருபது டிராக் உள்ள ஒரு பாட்டும், ரீப்பரோடு வரும் ஈக்யூ, ரிவர்ப் என்ற எஃபெக்ட்கள் ஒவ்வொரு டிராக்கிலும் போட்டது. நண்பர் வீட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கையோடு எடுக்க வேண்டியவை: வயர் உள்ள உங்கள் சொந்த ஹெட்போன், இருந்தால் இன்டர்ஃபேஸ், பயாஸ் திரையையும் பில்லையும் படித்துச் சொல்ல பார்வை உள்ள ஒருவர். அவர் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்க வரவில்லை என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். அங்கே போனதும் கடைக்காரர் உங்களை விட்டுவிட்டு அவரிடம்தான் பேசுவார், நாலு வார்த்தையில் பேச்சு திரை வெளிச்சத்துக்குப் போய்விடும்.

7. கடையில், இந்த வரிசையில்

கூட்டம் இல்லாத நேரம் போங்கள், சாயங்காலம் வேண்டாம். "அண்ணா, நான் திரையைப் பார்த்து வேலை செய்யறதில்ல, காதால கேட்டுத்தான் செய்வேன். இந்த பென்டிரைவைப் போட்டு ஒரு கால் மணி நேரம் பார்த்துக்கட்டுமா?" என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். புது பெட்டியைப் பிரிக்க முடியாது என்றால் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவதுதான் நல்லது.

முதலில் விசைப்பலகை, அணைத்த நிலையிலேயே. எஃப், ஜே விசைகளில் மேடு தெரிகிறதா, அம்பு விசைகள் நாலும் முழு அளவா, மேலும் கீழும் அரை அரையாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்க அம்பு விசையில்தான் டிராக் மாறப் போகிறீர்கள்.

அடுத்து ஹெட்போனை லேப்டாப்பின் துளையில் மாட்டி, என்விடிஏவை ஓடவிட்டு, ஒன்றும் செய்யாமல் பத்து நொடி சும்மா இருங்கள். இரைச்சலோ கீச்சுச் சத்தமோ கேட்கிறதா? அப்புறம் சார்ஜரைச் செருகிவிட்டு மறுபடி கேளுங்கள், பல லேப்டாப்பில் சார்ஜர் மாட்டினதும்தான் அந்தச் சத்தம் வரும். பிறகு ஒரு விசையை அழுத்தி, முதல் எழுத்து வெட்டுப்படாமல் பேச்சு வருகிறதா என்று கவனியுங்கள். சில ஒலிச் சாதனங்கள் பேச்சு நின்ற உடனே தூங்கி, அடுத்த சொல்லின் தலையை விழுங்கும். பேசியபின் சாதனத்தை விழித்திருக்க வைக்கும் அமைப்பு என்விடிஏவிலேயே இருப்பதால் இதற்காக லேப்டாப்பை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் தெரிந்து வைத்திருங்கள்.

கடைசியாக அந்த இருபது டிராக் பாட்டு. இன்டர்ஃபேஸ் இருந்தால் பஃபரை, அதாவது ஒலியைத் துண்டு துண்டாகக் கையாளும் அளவை, 128 சாம்பிளுக்கு வையுங்கள், 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி நொடி. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஓடும்போதே என்விடிஏவை வேகமாகப் பேசவிட்டுக்கொண்டு டிராக் மாறுங்கள். வெடிப்பு வந்தால் வைஃபையை அணைத்து மறுபடி பாருங்கள். அப்போது சரியானால் வாங்கலாம், பதிவு நேரத்தில் வைஃபை தேவையில்லை. அப்படியும் வெடித்தால் வேண்டாம். அதே ஐந்து நிமிடத்தில் விசிறி எவ்வளவு இரைகிறது, சூடான காற்று எந்தப் பக்கம் வருகிறது என்றும் கை வைத்துப் பாருங்கள், அந்தப் பக்கம் மைக்கை வைக்கக் கூடாது.

விண்டோஸ் எஸ் மோடில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் ஓட்ட முடியாது, பென்டிரைவில் உள்ளதும் ஓடாது. இலவசமாகவே அதிலிருந்து வெளியே வரலாம்.

8. முதல் வாரம்

புது லேப்டாப்பை முதன்முதலாக இயக்கும்போது கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸோடு வரும் நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் பேசும், யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே அமைத்துவிடலாம். மேக்கில் கமாண்டோடு எஃப் 5. கடவுச்சொல்லையும் கணக்கையும் கடைக்காரர் கையில் விடாதீர்கள்.

முதலில் என்விடிஏ, அடுத்து இன்டர்ஃபேஸ் டிரைவர், அடுத்து என்விடிஏவில் பேச்சின் வழியை லேப்டாப் ஸ்பீக்கருக்கு நிலைநிறுத்துவது, அதன்பிறகே ரீப்பரும் ஒசாராவும். ரீப்பரை முதலில் போட்டுத் திறந்தால் பேச்சு நின்றுபோய் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். டச்பேடை அணைத்துவிடுங்கள், உள்ளங்கை பட்டாலே ஃபோகஸ் வேறெங்கோ போகும். திரை வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்தால் கோயில் வாசலில் சார்ஜர் இல்லாமல் பதிவு செய்யும்போது பேட்டரி கூடுதலாக நிற்கும்.

பிளக்இன்களை மொத்தமாக இறக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒசாராவில் பி விசையை அழுத்தி அதன் அளவுகள் பெயரோடும் எண்ணோடும் வாசிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். வெறும் எண் மட்டும் வந்தால் அதை எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ரீப்பரோடு வரும் ஈக்யூவும் கம்ப்ரசரும் முதல் வருடத்துக்குத் தாராளமாகப் போதும்.

அந்த வாரத்துக்குள் ஒரு முழுப் பாட்டை, சின்னதாக இருந்தாலும் சரி, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பதிவு செய்து பாருங்கள். குறை இருந்தால் மாற்றிக்கொடுக்கும் காலம் பல கடைகளில் சில நாள்தான். வாங்கும் அன்றே எத்தனை நாள் என்று கேட்டு, அதற்கு ஒரு நாள் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.